டாக்டர் வைத்த அடைப்பு

துவுமாசி டாக்டர் ஆனதிலிருந்து எண்ணெயைத் தொடுவதில்லை.

சுவாமே மேகசின் என்கிற பட்டறைப் பேட்டையில் இது லேசான காரியமில்லை. குமாசியில் ஓடுகிற வண்டிகளில் பாதி அங்கேதான் கழற்றப்படுகின்றன, மீதி அங்கேதான் மாட்டப்படுகின்றன. மண்ணே எண்ணெய் குடித்துத் தார் மாதிரிக் கறுத்துக் கிடக்கும். அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு மனிதர் காலையில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, சாயங்காலம் அதே வெளுப்போடு வீடு திரும்பினால், நாள் முழுக்க அவர் எதையும் செய்யவில்லை என்று அர்த்தம். பார்த்தவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அழுக்குப் படாத பிட்டர் பெரிய பிட்டர் என்று எடுத்துக்கொண்டார்கள். துவுமாசியும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

பட்டம் கிடைத்தது தலைநகர் அக்ராவில். துணிக்கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகளில் இயங்கிவந்த அனைத்துலக ஞானப் பல்கலைக்கழகம், டீசல் இன்ஜின்களுக்கு அவர் ஆற்றிய தொண்டைப் பாராட்டி அவரை டாக்டர் ஆக்கியது. சிவப்பு அங்கியையும் குஞ்சம் வைத்த தொப்பியையும் போட்டு விட்டார்கள். போட்டோ எடுத்து முடிந்ததும் இரண்டையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த டாக்டர் படிக்கட்டில் காத்திருந்தார்.

அந்தப் போட்டோதான் இப்போது பட்டறை வாசலில் ஆளுயரப் பலகையில் நிற்கிறது. 'டாக்டர் துவுமாசி டீசல் மருத்துவமனை. உள்நோயாளி, வெளிநோயாளி இரண்டும் பார்க்கப்படும்.' பக்கத்தில் ஓர் இன்ஜின் படம். அதன் கழுத்தில், இன்ஜினுக்குக் கழுத்து எங்கே என்று பெயிண்டருக்குத்தான் தெரியும், ஒரு ஸ்டெதஸ்கோப்.

எதிர்ச் சாரியில், அரிசியும் காராமணியும் சேர்த்து வேகவைத்த வாச்சே சோறு விற்கும் டுஃபி அக்காவுக்கு அந்தப் பலகை தினமும் தீனி போட்டது.

"டாக்டரே, என் அடுப்பு ராத்திரியெல்லாம் இருமுது. உள்நோயாளியா சேத்துக்கிறீங்களா?"

"உன் வாய்க்குத்தான் முதல்ல ஆபரேஷன் பண்ணணும்."

"பண்ணுங்க. ஆனா உங்க கையால பண்ணுங்க. நாற்காலியில உக்காந்துகிட்டு அவனை அறு, இவனை அறுன்னு கைநீட்டாதீங்க."

துவுமாசி சிரிப்பார். சிரித்துவிட்டு நாற்காலியை நிழலுக்கு நகர்த்தச் சொல்வார்.

டுஃபி கிண்டலுக்கு டாக்டர் என்றாள். மற்றவர்கள் வழக்கத்துக்கு டாக்டர் என்றார்கள். மனசு நிறைந்து டாக்டர் என்று கூப்பிட்ட ஒரே ஆள் அசிபே. குமாசியிலிருந்து டெச்சிமானுக்குப் பயணிகளை ஏற்றிப்போகும் பழைய டீசல் கார் ஒன்று அவனுக்கு இருந்தது. அவன் குடும்பம் சாப்பிடுவது அந்தக் கார் ஓடுவதால். துவுமாசிக்குப் பட்டறையும் இல்லை, கூரையும் இல்லை, மரத்தடியும் நாலு ஸ்பானரும் மட்டும் இருந்த காலத்தில் முதல் வண்டியாக வந்து நின்றது அதுதான். மழை பிடித்தால் இருவரும் அந்தக் காருக்குள்ளேயே உட்கார்ந்து, கதவுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒரே இலையில் கெங்கே என்கிற புளித்த சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் தின்பார்கள். அப்போதெல்லாம் வாடா போடா தான். ஒரு நட்டை இறுக்கமாகப் போட்டுவிட்டால்கூட, "என் வண்டியா, உன் மாமனார் வண்டியா?" என்று அசிபே சண்டைக்கு வருவான்.

பட்டம் வந்த அன்றே அவன் 'நீங்க'வுக்கு மாறிவிட்டான். யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

துவுமாசி அக்ராவிலிருந்து திரும்பிய அன்று பட்டறை வாசலில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி வரவேற்பு. பிட்டர் சங்கத்துப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, முன்னோர்களுக்கு மதுவைத் தரையில் ஊற்றப் பாட்டில் திறந்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அசிபே காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஓடிவந்தான்.

"டாக்டர்! வாழ்த்துக்கள் டாக்டர்! ஒரே ஒரு நிமிஷம். வண்டிக்குள்ள வாடை தாங்கல. சனிக்கிழமை சாவு வீட்டுக்குப் போற பொம்பளைங்க, புதுசா தைச்ச கறுப்புத் துணி, இறங்கும்போது டீசல் பீப்பாயில ஊறின மாதிரி இறங்குறாங்க. ஒரு அம்மா என்னைச் சபிச்சே விட்டுது. அழ வந்த இடத்துல எல்லாரும் என்னை மோந்து பாக்குறாங்கன்னு."

பந்தலே சிரித்தது. துவுமாசி போய்ப் பானெட்டைத் தூக்கினார். இன்ஜினின் மூச்சுக் குழாய், பட்டறைப் பேச்சில் பிரீதர், கிளிப் உடைந்து தன் இடத்திலிருந்து கழன்று தொங்கியது. அதன் வாயிலிருந்து எண்ணெய்ப் புகை குப் குப்பென்று வந்துகொண்டிருந்தது. எந்த இன்ஜினிலும் பிஸ்டன் ஓரமாகக் கொஞ்சம் காற்று கீழே இறங்கும். வயசான இன்ஜினில் கூடுதலாக இறங்கும். அது வெளியேறுகிற வழி அந்தக் குழாய். எண்ணெய் பிரிக்கும் டப்பாவைக் கழற்றி பெட்ரோலில் அலசி, குழாயைக் காற்று இழுக்கும் வழியோடு மறுபடி சேர்த்து, புதுக் கிளிப் ஒன்று போட்டால் வாடையும் போய்விடும், இன்ஜினும் மூச்சு விடும். துவுமாசிக்கு அது தூக்கத்தில் செய்கிற வேலை.

ஒலிபெருக்கியில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். பெயருக்கு முன்னால் டாக்டர் சேர்த்து, இழுத்து.

"ஃப்ரிம்பாங்," என்று தன் தலைமைத் தொழிலாளியிடம் சொன்னார். "இதை இப்போதைக்கு அடைச்சு விடு. திங்கக்கிழமை ஒழுங்கா பாத்துக்கலாம்."

ஃப்ரிம்பாங் ஒரு தேய்ந்த ரப்பர் செருப்பை எடுத்து வட்டமாகத் துண்டு நறுக்கி, குழாய்க்குள் திணித்து, மேலே கம்பி சுற்றி முறுக்கினான். வாடை நின்றது. அசிபே கை தட்டினான். திங்கட்கிழமையும் வந்தது. கூடவே ரேடியோக்காரர்களும் வந்தார்கள்.

செவ்வாய்தோறும் உள்ளூர் ரேடியோவில் 'டாக்டரைக் கேளுங்கள்'. வண்டி இருமுகிறது, வண்டி திக்குகிறது என்று ஊர் ஊராகப் போன் வரும். துவுமாசி தொண்டையைச் செருமிக்கொண்டு வைத்தியம் சொல்வார். பார்க்காத இன்ஜினுக்கு வைத்தியம் சொல்லிப் பழகியவருக்குப் பார்க்கக் கிடைத்த இன்ஜினையும் பார்க்கத் தோன்றாமல் போனது.

அசிபேயின் கார் ஒழுக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் கியர்பாக்ஸும் இன்ஜினும் சேருமிடத்தில் சொட்டியது. மரத்தடிக் காலத்துத் துவுமாசியாக இருந்திருந்தால் இன்ஜினை மொத்தமாகக் கழுவி, காயவைத்து, மேலே குழந்தைப் பவுடரைத் தூவி, ரவுண்டானா வரை ஓட்டிவிட்டு வந்து, பவுடரில் எந்த இடத்தில் முதலில் ஈரக்கோடு விழுந்திருக்கிறது என்று டார்ச் அடித்துத் தேடியிருப்பார். எண்ணெய் மேலே கசிந்து, கீழே சொட்டி, ஓடும்போது அடிக்கிற காற்றில் பின்னால் போய் நிற்கும். சொட்டுகிற இடத்தைப் பார்த்து முடிவுகட்டக் கூடாது என்று அவரே நூறு தடவை சொல்லியிருக்கிறார். இப்போது நாற்காலியில் இருந்தபடி, "பின் பக்க ஆயில் சீல் போச்சு," என்றார்.

ஃப்ரிம்பாங் தலையைச் சொறிந்தான். "மாஸ்டர், அந்தக் குழாய்ல நாம..."

"மாஸ்டரா?"

"இல்ல... டாக்டர்."

"எத்தனை தடவை சொல்றது? பலகையில என்ன எழுதியிருக்கு?"

"டாக்டர்னு எழுதியிருக்கு."

"அப்புறம்? போய் கியர்பாக்ஸை இறக்கு."

குழாய் பற்றி ஃப்ரிம்பாங் சொல்ல வந்தது அத்தோடு நின்றது. கியர்பாக்ஸ் இறங்கியது, பின் சீல் மாறியது. கொஞ்ச நாளில் முன் பக்கம் ஒழுகியது. முன் சீல் மாறியது. அப்புறம் மேல் மூடியின் ஓரமெல்லாம் வியர்த்தது, பாக்கிங் மாறியது. ஒவ்வொரு தடவையும் காசு புரட்ட முடியாத நேரத்திலும் அசிபே புரட்டினான். டெச்சிமான் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் வேறு பட்டறைக்குப் போகச் சொன்னபோது, "எனக்கு டாக்டர் இருக்கார், உங்களுக்கு யார் இருக்கா?" என்று கேட்டானாம். துவுமாசி காதுக்கு அது வந்தது. அன்றைக்கு முழுக்க அவருக்குக் கோட்டு இன்னும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது.

ரேடியோவில் அவர் போலி சீல்களைப் பற்றி நீண்ட உரை ஆற்றினார். மேகசினில் சீல் விற்கிற எல்லோரும் நாட்டை விற்கிறார்கள் என்கிற அளவுக்குப் போனார். உதாரணத்துக்கு, பெயர் சொல்லாமல், ஓர் அன்பு நண்பரின் காரைச் சொன்னார். அசிபே பெருமையில் ஸ்டாண்ட் முழுக்க அது நான்தான் என்று சொல்லித் திரிந்தான்.

ஒரு வியாழக்கிழமை மதியம் மறுபடி வந்தான். "டாக்டர், புதுசா ஒண்ணு. ஆயில் பாக்குற குச்சி தானா மேல எழும்பி நிக்குது. அமுக்கி வெச்சா மறுபடி எழும்புது. சொல்பேச்சு கேக்காத பையன் மாதிரி."

துவுமாசி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நீ போய்ச் சாப்பிடு," என்றார். "நான் பாக்குறேன்."

"நீங்களேவா?" என்று அசிபே வாய் பிளந்தான். "கோட்டு அழுக்காயிடப் போவுது டாக்டர்."

அவன் டுஃபியின் பெஞ்சுக்குப் போனான். ஃப்ரிம்பாங்கும் மற்றவர்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். துவுமாசி கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகினார். கடைசிச் சுற்று வருவதற்குள் மூடி கையிலிருந்து துள்ளியது. கீழே கிடந்த காலித் தண்ணீர்ப் பையை எடுத்து அந்த வாயில் கவிழ்த்து விரலால் சுற்றிப் பிடித்தார். நல்ல இன்ஜின் பையை லேசாக உள்ளே இழுக்கும். வயசான இன்ஜின் மெல்ல ஊதும். இது தவளைத் தொண்டை மாதிரி ஒரே மூச்சில் உப்பி, பட்டென்று வெடித்தது. முகமெல்லாம் எண்ணெய்த் துளி.

இன்ஜினை நிறுத்தினார். குனிந்து குழாயைத் தேடினார். நுனியில் ரப்பர்த் துண்டு, முறுக்கின கம்பி.

எல்லாம் வரிசையாக விளங்கியது. சீல் எதுவும் கெடவில்லை. போலியும் இல்லை. வெளியேற வழியில்லாத காற்று எங்கே மெலிவு கிடைக்கிறதோ அங்கேயெல்லாம் எண்ணெயைப் பிதுக்கித் தள்ளியிருக்கிறது. ஒரு கிளிப்பும் கொஞ்சம் பெட்ரோலும் செலவாகியிருக்க வேண்டிய இடத்தில், இவன் குழந்தைகளின் சோறு சீலாகவும் பாக்கிங்காகவும் போயிருக்கிறது. செய்தது யார் என்று தேட வேண்டியதில்லை.

துண்டைப் பிடித்து இழுத்தார். எண்ணெயில் ஊறி உப்பி இறுகியிருந்தது. குறடு எடுக்கத் திரும்பினார். வாசலில் ரேடியோப் பெண் மைக்கோடு நின்றுகொண்டிருந்தாள். அடுத்த செவ்வாய் நிகழ்ச்சியைப் பட்டறையிலிருந்தே பதிவு செய்வதாகப் பேச்சு. கூடவே, ரேடியோ வருகிறது என்று கேள்விப்பட்டுச் சீல் கடைக்காரர்கள் நாலைந்து பேர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"டாக்டர், கையெல்லாம் அழுக்கா இருக்கே! எந்தக் கேஸ் பாத்துட்டு இருக்கீங்க?"

அந்த ஒரு கணத்தை அவர் பிற்பாடு எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தார். குறடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சொல்ல வேண்டியதும் ஒரு வரிதான். ஆனால் சீல்காரர்கள் எட்டுக் கண், பத்துக் கண்ணாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழாயைத் திறந்தால் புகை வரும். புகை வந்தால் அசிபே கேட்பான். அவனுக்குச் சொன்னால் அது ஸ்டாண்டுக்குப் போகும், ஸ்டாண்டிலிருந்து ஊருக்குப் போகும்.

பானெட்டைச் சாத்தினார். கோட்டை மாட்டிக்கொண்டார்.

அசிபே வாயைத் துடைத்தபடி வந்தான். "என்ன டாக்டர், கண்டுபிடிச்சீங்களா?"

"கண்டுபிடிச்சாச்சு. சின்ன விஷயம். திங்கக்கிழமை கொண்டா, நானே என் கையால பண்றேன்."

"சனிக்கிழமை டெச்சிமானுக்கு ஒரு சாவு வீட்டுச் சவாரி இருக்கே. முழு வண்டி. போலாமா, வேணாமா?"

எதிர்ச் சாரியிலிருந்து டுஃபி எட்டிப் பார்த்தாள். மைக் பார்த்தது.

"மெதுவா ஓட்டு. ஒண்ணும் ஆகாது," என்றார் துவுமாசி.

சனிக்கிழமை அவர் ஒரு பிட்டர் வீட்டு விசேஷத்தில் தலைமை விருந்தினர். முன் வரிசையில் உட்கார்ந்து, தட்டில் வைத்த கோழியைத் தொடாமல், போனைத் தொட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டுச் சொல்லிவிடலாம்: ஓரமா நிறுத்துடா, அந்தக் கம்பியை அவிழ்த்து ரப்பரைப் பிடுங்கு, அப்புறம் என்னைத் திட்டு. இரண்டு தடவை அவன் நம்பரை எடுத்தார். இரண்டு தடவையும் யாரோ கை குலுக்க வந்தார்கள். மூன்றாவது தடவை போனே அடித்தது.

"டாக்டர்," என்றான் அசிபே. பின்னால் பெண்கள் கூச்சலிடுவது கேட்டது. "நிக்க மாட்டேங்குதுன்னு கூப்பிட்டேன். இப்ப நின்னுடுச்சு."

டெச்சிமான் போகும் வழியில், அபோஃபோர் ஊரைத் தாண்டிச் சாலை ஓரத்தில் கார் நின்றிருந்தது. துவுமாசி தெரிந்தவன் ஒருவனின் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு தனியாகப் போனார். வெள்ளைப் புகை இன்னும் புதர்களில் தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்பும் சிவப்புமாகத் துணி கட்டின பெண்கள் மரநிழலில் மூட்டைகளோடு உட்கார்ந்து, செத்தவரை மறந்துவிட்டு இன்ஜினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அடியில்லை.

"தானா கத்த ஆரம்பிச்சுது," என்றான் அசிபே. "நான் காலை எடுத்துட்டேன். சாவியை அணைச்சேன். சாவி கையில இருக்கு, இன்ஜின் கத்துது. டாப் கியர்ல போட்டு அமுக்கிப் பாத்தேன், கிளட்ச் வழுக்கிட்டுப் போயிடுச்சு. எல்லாரையும் இறங்கி ஓடச் சொன்னேன். அப்புறம் உள்ள ஏதோ உடைஞ்சுது."

கேட்கக் கேட்கத் துவுமாசிக்கு உள்ளே நடந்தது கண்ணால் பார்த்தது போல இருந்தது. அமுக்கம் தாங்காமல், காற்றை உள்ளே தள்ளும் டர்போவுக்குப் போன எண்ணெய் கீழே இறங்க முடியாமல், சீலைத் தாண்டி, காற்று போகிற வழியில் புகுந்திருக்கிறது. டீசல் இன்ஜின் எரிய அது போதும். சாவி எதற்கு, டேங்க் எதற்கு? தன் எண்ணெயைத் தானே குடித்து எரிந்து தீர்ந்திருக்கிறது. கிளட்ச் வழுக்கினதும் அதே எண்ணெயால்தான்.

அவர் குரலைக் கேட்டு ஒரு பருத்த அம்மாள் எழுந்து வந்தாள். "இது ரேடியோக் குரலாச்சே! டாக்டர் துவுமாசியா?"

"அவரேதான்," என்றான் அசிபே. சட்டையெல்லாம் எண்ணெய், முகத்தில் புகை, ஆனால் குரலில் கொஞ்சம் பெருமை இருக்கத்தான் செய்தது. "நான் போன் பண்ணினதும் விசேஷ வீட்டை விட்டுட்டு வந்திருக்கார். என் சிநேகிதர்."

"என் மருமகன் வண்டி ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது டாக்டர், என்ன பண்ணலாம்?"

துவுமாசி இந்தத் தடவை தொண்டையைச் செருமவில்லை. "பாக்காம சொல்ல முடியாதும்மா," என்றார். ரேடியோவில் ஒரு தடவைகூட அவர் சொல்லாத பதில் அது. அந்த அம்மாளுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. வழியில் வந்த வேன் ஒன்றை மறித்து எல்லாரும் ஏறிப் போனார்கள்.

இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். துவுமாசி பானெட்டைத் திறந்து குழாயைக் காட்டினார்.

"அசிபே, இது அடைச்சிருக்கு. இதனாலதான் எல்லாம். சீல் எதுவும் கெடல. அன்னிக்குப் பந்தல் அவசரத்துல நான்தான் அடைக்கச் சொன்னேன். வியாழக்கிழமை நீ சாப்பிடப் போனப்ப பாத்துட்டேன். பாத்தும் சொல்லல."

அசிபே குழாயைப் பார்த்தான். இன்ஜினைப் பார்த்தான்.

"அது அடைச்சிருக்குன்னு எனக்குத் தெரியும்," என்றான்.

"தெரியுமா?"

"டெச்சிமான்ல ரோட்டோரம் ஒருத்தன் பாத்தான், முன் சீல் போட்ட வாரம். என்னய்யா, மூச்சை அடைச்சு வெச்சிருக்கே, புடுங்கிடட்டுமான்னு கேட்டான். கம்பியைக்கூட பாதி அவுத்துட்டான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். இதை வெச்சது யார் தெரியுமா, டாக்டர், நீ யார்றா இதைப் புடுங்கன்னு சத்தம் போட்டேன். கம்பியை நானே திரும்ப முறுக்கினேன்."

சாலையில் ஒரு லாரி போயிற்று. துவுமாசி அந்தக் கம்பி முறுக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

"முன்னாடின்னா கேட்டிருப்பேன். உன் மாமனார் வண்டியாடான்னு கேட்டிருப்பேன்." அசிபே சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "இப்ப எப்படிக் கேக்குறது? ஊரே உங்களைக் கேட்டு நடக்குது. ஒரு காரணம் இருக்கும்னு நினைச்சேன்."

"காரணம் எதுவும் இல்லடா. மறந்துட்டேன். அவ்வளவுதான்."

அசிபே பானெட்டைச் சாத்தினான். கத்தினால் தேவலாம் போல இருந்தது. சட்டையைப் பிடித்தால் இன்னும் தேவலாம்.

"வேற இன்ஜின் நான் போட்டுத் தரேன்," என்றார் துவுமாசி. "என் செலவு. என் கையாலயே."

"பாக்கலாம் டாக்டர். ஒபுவாசியில மச்சான் ஒருத்தன் லாரிக்கு டிரைவர் தேடிட்டிருந்தான். முதல்ல அதைக் கேட்டுப் பாக்கணும். வீட்ல அடுப்பு எரியணும்ல." அவன் பிக்கப்பின் பின்பக்கம் போய்க் கயிற்றை எடுத்தான். "இருட்டுறதுக்குள்ள போயிடலாம். நீங்க கைய வைக்காதீங்க, கோட்டு இருக்கு."

துவுமாசி குனிந்து பார்த்தார். விசேஷ வீட்டிலிருந்து அப்படியே வந்திருக்கிறார். கழற்றலாம் என்று பொத்தானைத் தொடுவதற்குள் அசிபே மண்ணில் மல்லாந்து படுத்துக் காருக்கடியில் போய்விட்டான்.

முன்னால் பிக்கப்பைத் துவுமாசி ஓட்டினார். செத்த காரில் ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் வேண்டும். அசிபே அதில் உட்கார்ந்தான். கண்ணாடியில் அவன் முகம் சின்னதாகத் தெரிந்தது. பார்வை முழுக்கக் கயிற்றில்தான். இறக்கம் வந்தால் பிரேக்கை அளந்து மிதித்தான், ஏற்றம் வந்தால் விட்டுக்கொடுத்தான். கயிறு எந்த இடத்திலும் தொய்யவில்லை. அபோஃபோரிலிருந்து குமாசி வரை அப்படியே வந்தான்.

கயிறு ஒரு தடவை அறுந்தால் நன்றாக இருக்கும் என்று துவுமாசி நினைத்தார். இறங்கிப் போய் அவன் பக்கத்தில் நிற்க ஒரு சாக்கு கிடைக்கும். அறவில்லை. கட்டினவன் அசிபே.